வர்ஜீனியா பொதுப்பேரவைக்கு ஒரு நன்றி விண்ணப்பம்

மேன்மை தங்கிய வர்ஜீனியா மாநிலப் பொதுப்பேரவையின் சமூகத்துக்கு, அம்மாநில நெடுஞ்சாலைகளில் கார் ஓட்டும் குடிமக்களும் வழிப்போக்கர்களும் கூடிப் பணிவுடன் சமர்ப்பிக்கும் நன்றி விண்ணப்பம்.

1619-ஆம் ஆண்டு ஜேம்ஸ்டவுனில் கூடிய மன்றத்தைத் தன் மூலமாகக் கொண்டு இன்று ரிச்மண்ட் நகரில் வீற்றிருக்கும் பேரவை, மிகைவேகத்துக்கு அபராதம் விதிப்பதோடு நின்றுவிடும் பல மாநிலங்களின் சோம்பலைப் பின்பற்றாமல், எந்த மைலில் ஒரு மனிதர் அவசரக்காரர் என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்கு உயர்கிறார் என்பதைத் துல்லியமாக வரையறுத்திருப்பது போற்றத்தக்கது. சட்டத்தொகுப்பின் 46.2-862 என்ற பிரிவின்படி, குறிக்கப்பட்ட வரம்பை மணிக்கு 20 மைலோ அதற்கு மேலோ தாண்டியவரும், வரம்பு எதுவாயினும் மணிக்கு 85 மைலை, அதாவது ஏறத்தாழ 137 கிலோமீட்டரைத் தாண்டியவரும் 'பொறுப்பற்று வண்டி ஓட்டிய' குற்றத்துக்கு ஆளாகின்றனர். சாலையில் வேறு வண்டி இருந்ததா, மழை பெய்ததா, யாருக்கேனும் ஆபத்து நேர்ந்ததா என்ற கேள்விகளுக்கு இப்பிரிவில் இடமில்லை, எண் ஒன்றே போதும்.

இக்குற்றம் 'முதல் வகைச் சிறுகுற்றம்' ஆகும். சிறுகுற்றம் என்ற பெயர் கேட்பவருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் நான்கு வகைச் சிறுகுற்றங்களுள் முதல் வகையே உச்சமானது, அதற்கு மேற்படியில் இருப்பது பெருங்குற்றம். அதற்குரிய உச்ச தண்டனை 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் ஆகும். நீதிபதி விரும்பினால் ஓட்டுநர் உரிமத்தை ஆறு மாதம் வரை நிறுத்திவைக்கலாம். மோட்டார் வாகனத் துறையின் ஏட்டில் ஆறு தகுதிக்குறைவுப் புள்ளிகள் ஏறும். அப்பதிவு 11 ஆண்டுகள் அழியாது. சில்லறைத் திருட்டும், ஒருவரைக் கைநீட்டி அடித்தலும், குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் முறை பிடிபடுதலும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே 55 மைல் வரம்புள்ள சாலையில் 74 மைலில் சென்றவர், மைலுக்கு இவ்வளவு என்று பெருக்கி வரும் தொகையை வீட்டுக் கணினியிலிருந்தே கட்டிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். அவருக்குப் பின்னால் 75 மைலில் வந்தவர் திருடனுக்கும் அடிதடிக்காரனுக்கும் நிகராக நீதிமன்றப் படியேற வேண்டும். இருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஆக்ஸிலரேட்டரின் மீது ஓர் எறும்பு உட்கார்ந்தால் நிரம்பிவிடும் தூரம் என்பதைப் பேரவை அறியாமலிருக்க வாய்ப்பில்லை.

பேரவையின் கருணையையும் குறிப்பிட்டாக வேண்டும். 2020 ஜூலை 1 வரை அந்த 85 மைல் எல்லை 80 மைலாக இருந்தது. மாநிலத்தின் உச்ச வேக வரம்பு 70 மைல் என்பதால், 11 மைல் மிகையாகச் சென்றவரும் குற்றவாளியாகிக்கொண்டிருந்தார். அதனை 85 ஆக உயர்த்திய பேரவை, தன் இரக்கம் பலவீனமாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக, 80-க்கு மேல் 85 வரை செல்வோருக்குக் கூடுதலாக 100 டாலர் அபராதத்தையும் சேர்த்தே வைத்தது. இதற்கும் முன்பு, 2007-இல், பொறுப்பற்று ஓட்டியவர்களிடம் நீதிமன்ற அபராதத்துக்கு மேல் மூன்று ஆண்டுத் தவணைகளில் 1,050 டாலர் வசூலிக்கும் ஒரு கட்டணம் கொண்டுவரப்பட்டது; வெளிமாநிலத்தாரை விட்டுவிட்டு வர்ஜீனியாவில் வசிப்பவர்களிடம் மட்டுமே அதை வாங்குவதென்ற விருந்தோம்பலைச் சொந்த வாக்காளர்கள் புரிந்துகொள்ளாமல் கொதித்ததால், மறு ஆண்டே அது நீக்கப்பட்டு, வாங்கிய பணமும் திருப்பித் தரப்பட்டது. ராடார் இருப்பதைக் காரோட்டிக்கு உணர்த்தும் கருவிக்கு இம்மாநிலத்தில் உள்ள தடையைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்விண்ணப்பத்தின் மையமான பொருள், 46.2-862 என்று எழுதப்பட்ட சம்மனைப் பெற்றவர் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை ஒரு தனித் தொழிலாகவே பேரவை வளர்த்துவிட்ட விதம் ஆகும். சட்டத்தின் கடுமை அச்சிடப்பட்டு எவரும் படிக்கக் கிடைக்கிறது. அதன் தளர்வு நீதிமன்றத்தின் நடைகூடத்தில் மட்டுமே கிடைக்கிறது. 46.2-869 என்ற மற்றொரு பிரிவு, தவறு சிறிதெனத் தோன்றும் இடத்தில் வழக்கை 'முறையற்ற ஓட்டுதல்' என்று குறைத்துக்கொள்ள நீதிபதிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் இடம் தருகிறது. அது குற்றமன்று, போக்குவரத்து விதிமீறல் மட்டுமே, அபராதம் 500 டாலருக்கு மேற்படாது, புள்ளிகள் மூன்று. இத்தளர்வு யாருக்கு, எந்த வேகம் வரை, எந்த நீதிபதியிடம் கிடைக்கும் என்பது எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை. ஒரு மாவட்டத்தில் எட்டு மணி நேர ஓட்டுநர் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால் முகம் மலர்கிறது. அடுத்த மாவட்டத்தில் அதே தாளை நீதிபதி திரும்பியும் பார்ப்பதில்லை. 90 மைலைத் தாண்டிவிட்டால் சில நீதிபதிகள் சில நாட்களாவது சிறையில் வைத்தே தீருவார்கள் என்பதும், இன்னார் அப்படிச் செய்யமாட்டார் என்பதும் அங்கே தினமும் போய்வருபவர்களுக்கே தெரியும். வழக்கறிஞர் பெறும் கூலியின் பெரும்பகுதி சட்ட அறிவுக்கு உரியதன்று, இந்த வானிலை அறிவுக்கு உரியது.

அந்த நடைகூடத்தைப் பேரவை உறுப்பினர்கள் ஒருமுறை வந்து பார்ப்பது நலம். சுவரில் ஒட்டிய வழக்குப் பட்டியலில் தம் பெயரை விரலால் தேடுபவர்கள் ஒரு பக்கம். கோப்பைத் திறக்காமலேயே காவலரின் தோளில் தட்டி இரண்டு நிமிடம் பேசிவிட்டுச் சிரித்தபடி திரும்பும் வழக்கறிஞர் மறுபக்கம். பல மாவட்டங்களில் இத்தகைய வழக்குக்கு அரசு வழக்கறிஞர் வருவதே இல்லை. சம்மன் எழுதிய காவலரே சாட்சியாகவும் வழக்கை நடத்துபவராகவும் நிற்கிறார். அவருடைய ராடார் கருவி சரியாக வேலை செய்ததற்குச் சான்று ஓர் இசைக்கவை: குறிப்பிட்ட அதிர்வுடைய அந்த உலோகக் கவையைத் தட்டி ராடாரின் முன் பிடித்தால் அதற்குரிய வேகத்தைக் கருவி காட்ட வேண்டும், அக்கவைக்கும் அளவீட்டுச் சான்றிதழ் வேண்டும், அச்சோதனை ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது என்று சட்டமே கூறுகிறது. அந்தத் தேதியை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது தனியாக நிற்கும் பல் மருத்துவருக்கோ லாரி ஓட்டுநருக்கோ தோன்றுவதில்லை. தம் காரின் வேகமானியைப் பட்டறையில் சோதித்து, அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்று சத்தியம் செய்த அறிக்கையைக் கொடுத்தால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்க வேண்டும் என்ற விதியும் அவ்வாறே அறிந்தவருக்கு மட்டும் பயன்படுகிறது.

வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞர் தரும் என்று எண்ணுவோர் பேரவையின் நுட்பத்தைக் குறைத்து மதிப்பவர்கள். வழக்கறிஞர் உதவியின்றி எவரையும் சிறைக்கு அனுப்பலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-இல் அர்கர்சிங்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. உண்மையில் சிறை விதிக்கப்பட்டால்தான் இவ்வுரிமை என்று 1979-இல் ஸ்காட் வழக்கில் அதைச் சுருக்கியது. இதன் பயனாக வர்ஜீனியாவில், இவ்வழக்கில் சிறை விதிக்கப்போவதில்லை என்று நீதிபதி முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், அரசு அவருக்கு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டியதில்லை. ஏழைக்குச் சிறை இல்லை என்ற நற்செய்தியும் துணை இல்லை என்ற செய்தியும் ஒரே தாளில் வந்துசேர்கின்றன. 11 ஆண்டுப் பதிவும் குற்றவாளி என்ற பெயரும் மட்டும் அத்தாளால் குறைவதில்லை.

இம்மாநிலத்தில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் இப்பேரவையே என்பதும், பேரவை உறுப்பினர் பலர் வழக்கறிஞர்கள் என்பதும், அமர்வுக்காலத்தில் அவர்கள் நடத்தும் வழக்குகளுக்கு வாய்தா பெறும் உரிமையைச் சட்டமே அவர்களுக்கு வழங்கியிருக்கிறது என்பதும் தற்செயலாகச் சேர்ந்தவை என்றே இவ்விண்ணப்பம் நம்ப விரும்புகிறது.

எனினும் எல்லோரும் வழக்கறிஞரை நாட வேண்டும் என்று கூறுவது அவர்களுக்கு விளம்பரம் செய்வதாகிவிடும். குற்றமற்ற பழைய பதிவும், வரம்பைவிட இருபது மைல் அளவில் மட்டுமே மிகையும், தாமே வந்து நிற்கும் நேரமும் உடையவர், வகுப்புச் சான்றிதழோடும் வேகமானி அறிக்கையோடும் தனியாகச் சென்று குறைப்பைக் கேட்கலாம்; ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் எனப்படும், நடுவர் குழு இல்லாத அந்தக் கீழ்நீதிமன்றத்தில் தோற்றாலும், 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால் சர்க்யூட் கோர்ட்டில் வழக்கு தொடக்கத்திலிருந்தே மறுபடியும் நடக்கும், அங்கே தண்டனை கூடவும் கூடும். நூறு மைலை நெருங்கியவருக்கும், வண்டி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கும், அரசின் இரகசியப் பணிக்கு அனுமதி பெற்றவருக்கும், வெகுதூரத்து மாநிலத்திலிருந்து ஒரு நாள் விசாரணைக்காகத் திரும்பி வர முடியாதவருக்கும் கணக்கு வேறு. ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் மாவட்டங்களில் தற்காலிக வேலை விசாவில் வாழும் தமிழ்ப் பொறியாளர்களுக்கும் அவ்வாறே: சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்கு நிரப்பும் படிவம், எக்குற்றத்துக்காகவேனும் கைதோ தண்டனையோ பெற்றதுண்டா என்று கேட்கிறது, கொஞ்சம் வேகமாகப் போனேன் என்று பதிலெழுத அதில் கட்டம் இல்லை.

ஆகவே பேரவையை இவ்விண்ணப்பம் வேண்டுவது இதுதான்: வேகம் மட்டுமே குற்றச்சாட்டாக உள்ள இடத்தில் அதைப் போக்குவரத்து விதிமீறலாக்கி, எவ்வளவு கடுமையான அபராதம் வேண்டுமானாலும் விதித்துக்கொண்டு, குற்றவாளி என்ற பெயரை உண்மையில் பிறரை ஆபத்துக்குள்ளாக்கியவருக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், 'இது அபராதச் சீட்டு அன்று, குற்ற வழக்கு' என்ற ஒரு வரியையாவது சம்மனின் தலைப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட உத்தரவிட வேண்டும். அதுவரை, அத்தாளைக் கையில் வாங்கியவர்கள் முதலில் பிரிவு எண்ணைப் படித்துப் பார்க்கட்டும். பக்கத்திலுள்ள வேகம் 90-க்கு மேல் இருந்தால் விசாரணை நாள் வரை காத்திராமல் வழக்கறிஞரைத் தேடிச் செல்லட்டும்.

இங்ஙனம்,
நெடுஞ்சாலையின் வலப்பக்கத் தடத்தில் மெதுவாகச் செல்வோர்.