சிறார் மின்பைக்கில் மோட்டார் மாற்றும் துறை: ஒரு முதற்கட்ட இலக்கணம்

குழந்தைக்கு வாங்கிய மின்சார டர்ட் பைக்கில், அதிலுள்ளதைவிடப் பெரிய மோட்டாரைப் பொருத்தும் துறை அமெரிக்கப் புறநகர் கராஜ்களில் தோன்றி வளர்ந்தது. இன்றுவரை அதற்கு ஓர் இலக்கணம் இல்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. முன்னோர் நூல் எதையும் இங்கே மேற்கோள் காட்டவில்லை. இத்துறை அறிஞர்களின் கையில் எப்போதும் ஸ்பேனர் இருந்ததால் பேனா பிடிக்க அவர்களுக்கு வாய்க்கவில்லை.

முதலில் திணை வகுப்போம். முதற்பொருளில் நிலம் என்பது, கார் நுழைய முடியாதபடி சாமான் அடைத்த கராஜும் அதன் முன்னுள்ள சிமென்ட் தரையும். பெரும்பொழுது கோடை, சிறுபொழுது சனிக்கிழமை பிற்பகல். கருப்பொருள்: சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஜிப் டை, எங்கிருந்து கழன்றதென்று யாருக்கும் தெரியாத ஒரு வாஷர். உரிப்பொருள்: இன்னும் கொஞ்சம் வேகம் என்னும் ஏக்கமும் ஏக்க நிமித்தமும். தலைவன் அப்பா. தலைவி சன்னல் வழியே பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள். குழந்தை என்ன பாத்திரம் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் ஆராயப்படும்.

ஆய்வுப் பொருளாக ரேஸர் எம்எக்ஸ்350 வண்டியை எடுத்துக்கொள்கிறோம். ரேஸர் ஒரு கலிஃபோர்னிய நிறுவனம், வண்டியின் வரிசைப் பெயர் 'டர்ட் ராக்கெட்'. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு. சேர்ந்து 24 வோல்ட். 350 வாட் மோட்டார். 12 அங்குல டயர். ராக்கெட்டின் உச்ச வேகம் மணிக்கு 14 மைல், அதாவது 22 கிலோமீட்டர். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கானது. தாங்கும் எடை 140 பவுண்டு, ஏறத்தாழ 64 கிலோ. இந்தக் கடைசி எண்ணை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

துறையின் தொன்மை குறித்து ஐயம் வேண்டாம். மோரிட்ஸ் யாக்கோபி என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1838இல் ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், நேவா ஆற்றில் மின்மோட்டார் பூட்டிய படகை ஓட்டினார். ஏறியிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வேகம் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் அளவு. கரையில் காலாற நடந்தவர்கூட படகை முந்தியிருக்கலாம். யாக்கோபி சும்மா இருந்தாரா? அடுத்த ஆண்டே மோட்டாரையும் பேட்டரியையும் பலமானவையாக மாற்றி, வேகத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு உயர்த்தினார். படகு தண்ணீரில் இறங்கிய ஓராண்டுக்குள் மோட்டார் மாற்றம் நடந்தேறிவிட்டது. செலவு ஜார் மன்னர் முதலாம் நிக்கலாசின் அரசுடையது. கராஜ் ஆய்வாளருக்கு அந்த வசதி மட்டும் இல்லை.

இனி மூல நோய். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே 350 வாட் மோட்டாரில் அரைக் குதிரைகூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அப்பா அன்றிரவு தூங்குவதில்லை. மறுநாள் 1000 வாட் மோட்டார் ஒன்றுக்கு ஆர்டர் போகிறது. பெரும்பாலும் அது எம்ஒய்1020 என்ற வகை, பிரஷ் வைத்தது, 36 அல்லது 48 வோல்ட்டில் ஓடுவது. ஒன்றேகால் குதிரைக்கும் சற்று மேல். பெட்டி வந்ததும் முதலில் தெரிவது, புதிய மோட்டார் பழையதைவிடப் பருமன், போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது. இதற்குத் தீர்வு கிரைண்டர் என்ப ஒரு சாரார். வெல்டிங் என்ப மறுசாரார். வண்டிச் செயினோ 25ஆம் எண் செயின், அதன் இணைப்புகளின் இடைவெளி 6.35 மில்லிமீட்டர், மோட்டாரோடு வந்த பல்சக்கரம் 8 மில்லிமீட்டர் செயினுக்கானதாக இருந்துவிட்டால் அந்தச் சனிக்கிழமை அத்தோடு முடிந்தது.

எல்லாம் பொருத்தியாயிற்று என்று கொள்வோம். இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இங்கேதான் வருகிறது: வண்டி முன்பைவிட மெதுவாகப் போகும்.

காரணம் எளிது. நேர்மின் மோட்டார் சுழலும்போதே தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அதுவும் கூடும். பேட்டரியின் அழுத்தத்தை அது நெருங்கும்போது மோட்டார் அதற்குமேல் வேகம் எடுக்காது. ஆகவே உச்ச வேகத்தை நிர்ணயிப்பது வோல்ட், வாட் அல்ல. 36 வோல்ட்டுக்கென்று செய்த மோட்டாரை 24 வோல்ட்டில் ஓட்டினால், தனக்குரிய வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில்தான் சுழலும். சரி, இழுவையாவது கூடியிருக்க வேண்டாமா? இழுவை தருவது ஆம்பியர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பழைய கன்ட்ரோலரோ 350 வாட் மோட்டாருக்கான மின்னோட்டத்துக்கு மேல் விடாது. 350ஐ 24ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினைந்து ஆம்பியர். புதிய மோட்டார் கேட்பது 28. ஆக, அப்பா பணமும் கொடுத்து, எடையும் கூட்டி, வேகத்தையும் குறைத்திருக்கிறார். இந்த நிலையில் இத்துறையை விட்டு விலகியவர் எவரும் உண்டென்று நாம் நம்பவில்லை.

அடுத்து நிகழ்வதைக் 'குறை நகரும் விதி' என்று அழைப்போம். பந்தியில் ஒருவருக்கு இரண்டாவது வடை வைத்தால் வரிசை முழுவதும் இலையை நீட்டும். மோட்டாருக்கு ஏற்ற கன்ட்ரோலர் வருகிறது. அது விடும் 28 ஆம்பியரைப் பழைய ஒயர் தாங்கவில்லை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும் என்பது ஜூல் கண்ட விதி, கனெக்டர் உருகிய பின்பே பலருக்கு நினைவுக்கு வருகிறது. தடித்த ஒயர் வருகிறது. மூன்றாவது பேட்டரி வருகிறது, 36 வோல்ட் ஆகிறது. இப்போது குறை பேட்டரிக்கு நகர்கிறது. 7 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சடித்திருப்பது, இருபது மணி நேரம் சொட்டுச் சொட்டாக, ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்களவில் எடுத்தால் கிடைக்கும் கொள்ளளவு. வேகமாக உறிஞ்சினால் லெட்-ஆசிட் பேட்டரி தன் கையிருப்பையே குறைத்துக் காட்டும். இதை 1897இல் வாய்பாடாக்கியவர் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர். வெறும் வகுத்தல் கணக்கே 28 ஆம்பியருக்குக் கால் மணி நேரம்தான் தருகிறது. பாய்க்கர்ட் அதிலும் பாதியைப் போல எடுத்துக்கொள்வார். அதன்பின் பல மணி நேரச் சார்ஜ்.

இவ்விடத்தில் அறிஞர் உலகம் மூன்று பள்ளிகளாகப் பிரிகிறது. மின்னழுத்தப் பள்ளியினர் மோட்டாரைத் தொடுவதே இல்லை: பழைய 350 வாட் மோட்டாருக்கே 36 வோல்ட் கொடு, கணக்குப்படி 22 கிலோமீட்டர் 33 ஆகும் என்பார்கள். ஆகும்தான். 24 வோல்ட் கன்ட்ரோலர் அதைப் பார்க்க உயிரோடு இருப்பது ஐயமே. பல்சக்கரப் பள்ளியினர் சிக்கனக்காரர்கள். மோட்டாரின் பல்சக்கரத்தில் ஒன்பது பல்லைப் பதினொன்றாக்கி, வேகத்தை இருபத்திரண்டு சதவீதம் கூட்டி, மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். லித்தியம் பேட்டரிப் பள்ளியினர் இளையவர்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்பது நம் கருத்து: எடை குறையும், மின்னோட்டமும் தாராளம். ஆனால் பழைய லெட்-ஆசிட் சார்ஜரையே அதில் மாட்டுபவர்களும் இதே பள்ளியில் இருக்கிறார்கள். தீயணைப்புத் துறை அவர்களை அறியும்.

இப்போது ஒத்திவைத்த கேள்விக்கு வருவோம்: இதில் குழந்தை யார்?

மரபான விடை, குழந்தைதான் வண்டி மெதுவாக இருப்பதாக முறையிட்டது என்பது. நாம் இதை இடைச்செருகல் என்று கருதுகிறோம். முப்பது கிலோ எடையுள்ள குழந்தை ஏறினால் அரைக்குதிரை நன்றாகவே இழுக்கிறது. மண்மேட்டில் 22 கிலோமீட்டர் வேகம் தரைக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்திருப்பவருக்கு வேகமே. சூப்பர்கிராஸ் மோட்டார்சைக்கிள் பந்தயப் பட்டத்தை ஏழு முறை வென்ற ஜெரமி மெக்ராத்தின் பெயரை இதே நிறுவனம் எஸ்எக்ஸ்500 என்ற வண்டிக்குச் சூட்டியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 15 மைல். எந்தக் குழந்தையும் அதில் ஏறித் தன்னை மெக்ராத் அல்ல என்று நினைத்திருக்காது. வண்டி உண்மையில் திணறுவது ஒரே ஒரு தருணத்தில். புதுவண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று மாலை, குழந்தையைத் தூங்க அனுப்பிவிட்டு, பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அப்பா ஒரு சுற்றுப் போகிறார். 64 கிலோவுக்கு வகுத்த வண்டியில் அவர் எத்தனை கிலோவில் ஏறினார் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறோம். தெரு முனையிலுள்ள சின்ன ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது. மோட்டார் மாற்றத்தின் வித்து அங்கே விழுகிறது. குழந்தையின் முறையீடு பின்னர் கர்த்தாவாலேயே எழுதிச் சேர்க்கப்படுகிறது. பாகம் பாகமாகப் பொருத்தி முடித்தபின் நடக்கும் சோதனை ஓட்டங்களிலும் ஓட்டுநர் யாரென்று கவனித்தால், நம் கருதுகோளுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்று பள்ளியினரும் பொதுவாக மறந்துபோகும் பாகம் ஒன்று உண்டு. எம்எக்ஸ்350க்குப் பின்சக்கரத்தில் மட்டுமே பிரேக். வேகம் 22இலிருந்து 33 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு; 44 ஆனால் நான்கு மடங்கு. பிரேக்கின் பலமோ மாறுவதில்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் நாம் விளையாட்டாகப் பேசவில்லை: மோட்டாருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் பிரேக்கைப் பலப்படுத்திவிட்டு, குழந்தையின் தலையளவுக்கே வாங்கிய ஹெல்மெட்டையும் கொடுத்துவிட்டு மற்றதைப் பொருத்துங்கள்.

இத்தனைக்கும், 36 வோல்ட் பேட்டரியும் 650 வாட் மோட்டாரும் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட எம்எக்ஸ்650 என்ற வண்டியை அதே நிறுவனம் தனியே விற்கிறது. கிரைண்டர் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். ஓட்டுபவருக்கு நிபந்தனை இரண்டே: வயது 16 நிரம்பியிருக்க வேண்டும், எடை 100 கிலோவைத் தாண்டக் கூடாது. முதல் நிபந்தனையை எல்லா அப்பாக்களும் பூர்த்தி செய்கிறார்கள்.