படிக்காமல் கடன் வாங்குவது எப்படி?

நீங்கள் இதில் ஏற்கெனவே பாதித் தேர்ச்சி பெற்றவர். மீதிக்குத்தான் இந்தப் பயிற்சி.

1. அவசரத்தோடு போங்கள். நாளை காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாளா? இன்று சாயங்காலம் கடன் கேளுங்கள்.

2. "நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான் சார்" என்பார் ஏஜென்ட். வருஷத்துக்குப் பன்னிரண்டு, பரவாயில்லையே என்று மனக்கணக்குப் போட்டு அத்தோடு நிறுத்துங்கள். ஒரு லட்சம், ஒரு வருஷம், மாதத் தவணை 9,333 ரூபாய். ஆறு மாதத்தில் பாதி அசலைக் கட்டியிருப்பீர்கள்; வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். உண்மையான வருட வட்டி 21 சதவீதத்துக்கு மேல். பிராசசிங் சார்ஜ், இன்சூரன்ஸ் பிடித்ததுபோகக் கையில் வந்தது 95,000 என்றால் 31-ஐத் தாண்டும். கால்குலேட்டரைத் தொட்டுவிடாதீர்கள், மனசு கெடும்.

3. இந்த மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் காட்டச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கே.எஃப்.எஸ். என்று பெயர். 2024 அக்டோபர் 1 முதல் புதிய தனிநபர் கடன்களுக்கெல்லாம் கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேட்காதீர்கள்; இங்கிலீஷ் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்கள். யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தருவார்கள். நீங்கள் மூன்று நிமிஷத்தில் முடியுங்கள்.

4. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் வசூலிக்க முடியாது. ஆகவே சம்மதத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பென்சில் டிக் உள்ள இடமெல்லாம் கையெழுத்து. காலியிடம் தென்பட்டால் அங்கேயும் ஒன்று.

5. கடன் ஆப் உங்கள் ஃபோனில் உள்ள நம்பர்களைத் தொடக் கூடாது. கேட்டதும் 'அலவ்' அழுத்துங்கள். உங்கள் தவணைத் தேதி சம்பந்தி வீட்டாருக்கும் தெரிய வேண்டாமா?

6. வசூல் ஆள் காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் மன்னிப்புக் கேளுங்கள்.

7. கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், காசு செலவில்லாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதனால் எழுதிமட்டும் கொடுக்காதீர்கள். கவுன்ட்டரில் கத்திவிட்டு வந்துவிடுங்கள்.

8. வீட்டுக் கடனை அடைத்ததும் 30 நாளில் பத்திரம் திரும்ப வர வேண்டும். கடன் கொடுத்தவர்களால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. "மெதுவா குடுங்க சார், வீட்டுல வெச்சா கரையான் அரிக்கும்" என்று சொல்லுங்கள்.