ஓடாதே என்பதற்குச் சம்பளம்

சின்ன வயதிலிருந்தே 'சுறுசுறுப்பான பையன்' என்று பெயர் எடுத்தவன் நான். விமான நிலையத்தில் ரேம்ப், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அது ஒரு வியாதி என்று தெரிந்தது. அங்கே முதல் பாடமே 'ஓடாதே'.

விமானம் நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சோக் கட்டை வைக்க வேண்டும். ஆனால் அதன் முதுகிலும் வயிற்றிலும் சிவப்பு பீக்கன் லைட் மின்னிக்கொண்டிருந்தால், இன்ஜின் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். கிட்டப் போகக் கூடாது. இதைப் பரீட்சையில் அழகாக எழுதிவிட்டு, அன்று சாயங்காலமே கட்டையோடு கிளம்பினேன். பயிற்சியாளர் பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். அந்தப் பளபளா ஜாக்கெட் தூரத்திலிருந்து தெரிவதற்காம். என் விஷயத்தில் பிடித்து இழுக்க.

ஏடிஆர் விமானத்தில் இன்னொரு வம்பு: வேகமாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்கே தெரியாது. "தெரியாததைப் பார்த்து எப்படி சார் ஒதுங்குறது?" என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். "அதுக்குத்தான் தம்பி, நீ தூங்கினப்ப பாடம் நடத்தினேன்."

அடுத்து எஃப்.ஓ.டி., அதாவது தரையில் கிடக்கும் கண்ட குப்பை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸில், ஓடுபாதையில் கிடந்த ஒரு உலோகத் தகடு கான்கார்டின் டயரைக் கிழித்தது. பிய்ந்த டயர் துண்டு எரிபொருள் தொட்டியின் அடியில் போய் அறைய, தீப்பிடித்து விழுந்தது விமானம். செத்தவர்கள் 113 பேர். வகுப்பே உறைந்துபோனது. மதியம் எல்லாரும் வரிசையாகக் குனிந்து குப்பை பொறுக்கினோம். ஒரு பேனா மூடியைக் கண்டெடுத்து வெற்றி வீரனாக உயர்த்திக் காட்டினேன். என் சட்டைப்பையில் பேனா மட்டும் மூடியில்லாமல் இருந்தது.

வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். பெட்டி ஏற்றும் பெல்ட் லோடரை விமானத்துக்குக் கிட்டே கொண்டுபோகும் முன், சற்றுத் தள்ளியே ஒரு தடவை நிறுத்தி பிரேக் பார்க்க வேண்டும். நானோ மவுண்ட் ரோட்டில் பழகியவன். பிரேக் என்பது ஹாரன் பலிக்காதபோது தொடுகிற பொருள். ரப்பர் பம்பர் விமானத்தின் உடம்பில் லேசாக உரசியது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். கறை போய்விட்டது, பயம் போகவில்லை.

காரணம், எந்த உரசலையும் மறைக்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தார்கள். மேலே போகப் போக கேபினுக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள காற்றழுத்த வித்தியாசம் ஏறும். கீழே சின்னப் பள்ளமாக இருப்பது அங்கே விரிசலாகலாம். 787 போன்ற விமானங்களின் காம்போசிட் உடம்புகளில் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே சேதம் இருக்கலாமாம். போய்ச் சொன்னேன். இன்ஜினியர் வந்தார், டார்ச் அடித்தார், தடவினார், 'ஒண்ணுமில்லை' என்றார். அதற்குள் விமானம் லேட். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் என்னையே பார்த்தன.

அடுத்த முறை உங்கள் விமானம் காரணம் சொல்லாமல் தாமதமானால், கீழே ஒருத்தன் உங்கள் கண்ணைப் பார்க்காமல் நிற்கிறானா என்று பாருங்கள். தாராளமாகத் திட்டுங்கள். காதில் மஃப் மாட்டியிருப்பான், ஒன்றும் கேட்காது.