நொட்டை சொல்லவும் ஒரு முறை இருக்கு

வா மோனை, உந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு. நேற்றுப் பின்னேரம் வாசிகசாலை விறாந்தையில நிண்டு 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்துக்கு அபிப்பிராயம் சொன்னனியாம். படம் 2025 மே முதலாம் திகதி வந்தது. ஊர் பாத்து, கதைச்சு, மறந்து முடிச்ச பிறகு நீ ஃபோனில துண்டு துண்டாப் பாத்து முடிச்சிருக்கிறாய். அதில பிழையில்லை. கடைசியாப் பாக்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கு. மற்றவை சொன்னதையெல்லாம் சேத்துத் தன்ர அபிப்பிராயம் எண்டு சொல்லலாம்.

ஆனால் நீ சொன்னது என்ன? "செம ஃபீல் குட் படம் மச்சி, ஆனா சசிகுமாருக்கு நம்ம யாழ்ப்பாண ஸ்லாங் செட் ஆகல." அங்கை பேப்பர் பாத்துக்கொண்டிருந்தவை ஒரு எழுத்துப் பிசகாமல் வந்து எனக்கு ஒப்பிச்சவை. எனக்கு ஒரேயொரு சந்தேகம்தான். சசிகுமாரின்ர வாயில வராமல் போன அந்த யாழ்ப்பாணத் தமிழ், உன்ர வசனத்தில எவடத்தில கிடக்குது? மதுரைப் பக்கத்து மனிசன் எங்களை மாதிரிக் கதைக்கப் பாடுபட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பெடியன் நீ சென்னைக்காரன் மாதிரிக் கதைக்கப் பாடுபடுறாய். ரெண்டு பேரும் பாக்கு நீரிணைக்கு நடுவில எங்கையோ ஆளையாள் தாண்டிப் போகேக்கை கையைக் காட்டியிருப்பியள். என்னையும் சின்னனில அப்பு எண்டு கூப்பிட்டனி, இப்ப தாத்தா எண்டுறாய். அதுவும் உந்தப் படங்கள் தந்த சீதனம்தான். போகட்டும்.

பயப்பிடாதை, நான் உன்னை ஏசக் கூப்பிடேல்லை. நொட்டை சொல்லுறதை விடச் சொல்லவும் மாட்டன். அதை விட்டால் எங்கட ஊரில பின்னேரத்துக்கு வேற என்ன வேலை? சரியான முறையில சொல்லப் பழக்கத்தான் கூப்பிட்டனான்.

முதல் பாடம், பாசையில பிடிச்ச பிடியை விட்டிடாதை. எங்களைப் பற்றி வாற எந்தப் படத்துக்கும் உது ஒண்டு காணும். 2000ஆம் ஆண்டு 'தெனாலி' வந்தது. அந்த வருசம் சித்திரையில ஆனையிறவில சண்டை, ஐப்பசியில கமலகாசன். கண்டதுக்கெல்லாம் பயப்பிடுற இலங்கைத் தமிழனா நடிச்சிருந்தார். பேந்து கசெற் இஞ்சை வந்து சேர, ஷெல்லுக்குப் பதுங்குகுழிக்குள்ள இருந்து எழும்பி வந்த சனம் அதைப் போட்டுப் பாத்திட்டு என்ன சொன்னது தெரியுமோ? "உப்பிடி ஆரும் இழுத்துக் கதைக்கிறவையே?" எண்டது. ஒரு மனிசன் ஏன் அவ்வளவு பயந்து போனான் எண்டு கேக்க ஆளில்லை. ரெண்டு வருசம் கழிச்சு மணிரத்தினம் 'கன்னத்தில் முத்தமிட்டால்' எடுத்தார். அதுக்கும் உதே தராசுதான்.

இதில ஒரு பகிடி. யாழ்ப்பாணத் தமிழ் எது எண்டு நாங்கள் இன்னும் தீர்த்து முடிக்கேல்லை. வடமராட்சியான் கதைச்சால் வலிகாமத்தான் சிரிப்பான். தீவான் வாயைத் திறந்தால் ரெண்டு பேரும் சேந்து சிரிப்பினம். மட்டக்களப்பார் எங்கள் எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறது எங்களுக்குக் கேக்கிறேல்லை. ஆனால் சசிகுமாரும் சிம்ரனும் மட்டும் ஒரு எழுத்துப் பிசகக் கூடாது. கலியாண வீட்டில மூக்குமுட்டத் திண்டுபோட்டுப் பாயாசத்துக்குச் சீனி காணாது எண்டு சொல்லிக்கொண்டு போறவரை நீ கண்டிருப்பாய். அவர்தான் எங்கட ஊர் விமர்சகர்.

உந்தப் படத்திலயே பார், இஞ்சையிருந்து தப்பிச் சென்னைக்குப் போய்ச் சேந்த குடும்பத்துக்கு முதல் கட்டளை என்ன? வாயைத் திறக்காதையுங்கோ, கதைச்சால் பிடிபட்டுப் போவியள் எண்டதுதானே. பாசைதான் அவையைக் காட்டிக் குடுக்கிற சாமான். அதைப் பாத்துக்கொண்டிருந்து, அந்தப் பாசைக்கே நீ புள்ளி போட்டனி.

சரி, பாசையை விட்டுக் கதைக்குள்ள போனால் என்ன நடக்கும்? அங்கைதான் கவனமா இருக்க வேணும். அந்தக் குடும்பம் ஏன் வள்ளம் ஏறினது? 2022இல பெற்றோலுக்கும் மாவுக்கும் வரிசையில நிண்டது நீயும்தான். அந்த வருசம் உண்மையிலயே குழந்தை குட்டியோட தனுஷ்கோடிக் கரையில போய் இறங்கினவை எங்கட சனம்தான். உதைப் பற்றி வாசிகசாலையில ஒரு சொல்லு வந்ததோ? வராது. பேந்து படத்தில அந்தத் தெருச் சனம், ஊர்பேர் தெரியாத குடும்பத்தோட ஒட்டி உறவாடுறதைப் பாத்து உனக்குக் கண் கலங்கிச்சாம். உனக்கொரு வேலை தாறன். அதே குடும்பம் எங்கட ஒழுங்கையில வாடகைக்கு வருகுது எண்டு வை. லாண்ட்மாஸ்ரரில இருந்து கட்டில் இறக்க முந்தி, மதிலுக்கு மேலால ஒரு தலை எட்டிப் பாத்து, "எவடம் பிள்ளை? ஆற்றை ஆக்கள்?" எண்டு கேக்குமோ இல்லையோ? முந்திக் கிடுகு வேலி, பொட்டுக்குள்ளால கேட்டவை. இப்ப ஆறடி மதில், ஏணி வைச்சுக் கேப்பினம். உதையெல்லாம் நீ வாசிகசாலையில சொன்னியெண்டால் அபிப்பிராயம் எண்டு ஒருத்தரும் எடுக்க மாட்டினம், வாய்க்கொழுப்பு எண்டுதான் எடுப்பினம். ஆனபடியால் "ஸ்லாங் செட் ஆகல" எண்டதோட நிப்பாட்டினது உன்ர புத்திசாலித்தனம்.

எங்கட காலத்தில உந்தக் கரைச்சல் இல்லை. அபிப்பிராயம் படத்துக்கு முந்தியே வந்திடும். நீ எம்ஜிஆரோ சிவாஜியோ, அது வயித்துக்குள்ள இருக்கேக்கையே முடிவாயிடும். எம்ஜிஆர் கண்டிப் பக்கம் பிறந்த ஆள், 1965இல சரோஜாதேவியோட இலங்கைக்கு வந்தவர். பேந்தென்ன, அந்தக் கட்சிக்குப் படம் பாக்க வேண்டிய தேவையே இல்லாமல் போச்சு. 1972இல திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியைக் கையில எடுத்தாப் பிறகு இந்தியப் படங்கள் ஆறுதலாத்தான் வரும். அதுக்கு முந்திப் 'பேசும் பட'மும் 'பொம்மை'யும் வந்திடும். வின்சரிலயோ மனோகராவிலயோ படம் விழுகிற அண்டைக்குக் கலரியில இருக்கிறவைக்குக் கதை, வசனம், ஆர் எப்ப சாகிறது எல்லாம் பாடம். வல்வெட்டித்துறைப் பக்கத்தார் வள்ளத்தில அக்கரைக்குப் போய்ப் படம் பாத்திட்டு விடியக் கரைக்கு வந்தவை எண்டும் ஒரு கதை இருக்கு. அவையின்ர அபிப்பிராயத்துக்கு மறுப்பில்லை, கடல் தாண்டின அபிப்பிராயமல்லோ.

ஒருக்காலும் நொட்டை சொல்லாமல் படம் பாத்த காலமும் இருந்தது. 1990இல கரண்ட் போச்சு, பேந்து வருசக்கணக்கா வரேல்லை. ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, மண்ணெண்ணெய்க்கு வீட்டுக்கு வீடு காசு சேத்து, ஒரு இரவுக்கு மூண்டு நாலு படம் ஓடும். ஜெனரேற்றர் இருமி நிண்டால் அதுதான் இடைவேளை. கயிறு இழுக்கிறவர்தான் அண்டைக்குக் கதாநாயகன். விடியக்குள்ள முதல் படத்தில செத்தவன் மூண்டாம் படத்தில எப்பிடி வந்தான் எண்டு குழம்பிப்போய் வீட்டை போவம். கேட்டால் எல்லாம் திறமான படங்கள். மண்ணெண்ணெய் விலைக்கு ஆரும் கூடாத படம் பாப்பினமே?

இனித்தான் உனக்கு ஒரு உள்ளிரகசியம் சொல்லப்போறன். பாசையில ஒரு நொட்டையும் சொல்லேலாத படம் ஒண்டு எங்களுக்குக் கிடைச்சது, 1977இல. பேர் 'பொன்மணி'. எடுத்தவர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில படிப்பிச்ச மனிசன். எழுதினவர் காவலூர் இராசதுரை. நடிச்ச ஆக்களைப் பார்: சித்திரலேகா மௌனகுரு, சர்வமங்களம் கைலாசபதி, எழுத்தாளர் டொக்டர் நந்தி. எங்கட வீடு, எங்கட வேலி, எங்கட வாய். சீதனம் இல்லாமல் வீட்டில காத்திருக்கிற அக்கா, சாதி மாறி ஒருத்தனை விரும்புற தங்கச்சி. சண்டை இல்லை, ஆட்டம் இல்லை. அந்தத் தங்கச்சிக்கு நல்ல முடிவும் இல்லை.

ஓடினதோ? ஓடேல்லை. எங்கட தமிழைச் சரியாக் கதைச்ச படத்தை எங்கட ஊரே திரும்பிப் பாக்கேல்லை. ஏன் எண்டு பெரிய ஆக்கள் கட்டுரை எழுதியிருக்கினம்: படம் ஆறுதலாப் போகுது, சனம் இந்தியப் படத்துக்குப் பழகிப்போச்சு எண்டெல்லாம். அதுகளும் சரிதான். என்னைக் கேட்டால் சங்கதி வேற. பாசையில பிடிக்க ஒண்டும் அகப்படேல்லை. அப்ப கதையைத்தான் பிடிக்க வேணும். கதையைப் பிடிச்சால் சீதனம் வேண்டின கையும் சேந்து பிடிபடும். கலரியில இருந்தவனுக்கும் பல்கனியில இருந்தவனுக்கும் வீட்டில ஒரு அக்காவோ தங்கச்சியோ இருந்தவைதானே. எம்ஜிஆர் பத்துப் பேரை அடிக்கிறதுக்குக் காசு குடுக்கலாம், எங்கட வீட்டு அறைக் கதவைத் திறந்து காட்டுறதுக்கும் ஏன் குடுப்பான்?

ஆனபடியால் நாளைக்கு எங்கட பெடியள் ஆரேனும் எங்கட ஊரில, எங்கட தமிழில ஒரு படம் எடுத்தால், உனக்கு அபிப்பிராயம் சொல்லக் கஷ்டம் வரும். அப்ப "முயற்சி நல்லது" எண்டு சொல்லு. அதைக் கேட்டு எழும்பின ஆளை நான் இன்னும் காணேல்லை.

வெளிநாட்டுக்குச் சொல்லுற அபிப்பிராயம் வேற கணக்கு. ஸ்காபரோவில இருந்து மாமி எடுத்துப் படம் எப்பிடி எண்டு கேட்டால், அழுதனான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. வீட்டில என்ன பிரச்சினை எண்டு அங்கை மூண்டு வீட்டுக்குக் கோல் போகும். "ஒருக்காப் பாக்கலாம்" எண்டு சொல்லு. அவவும் பாத்திட்டு அதையேதான் சொல்லுவா.

பாக்காத படத்துக்கு அபிப்பிராயம் சொல்லத் தயங்கவும் தேவையில்லை. 2015இல 'தீபன்' பிரான்சில கான் விழாவில பெரிய பரிசு எடுத்தது. நடிச்சவர் அல்லைப்பிட்டியில பிறந்த ஷோபாசக்தி. எங்கட சந்தியில படத்தைப் பாத்தவையைத் தேடிப் பிடிக்க வேணும், தீர்ப்புச் சொன்னவையைத் தள்ளி விலத்திக்கொண்டு போக வேணும். பாத்தவனுக்கு ரெண்டு மனம் இருக்கும். பாக்காதவன்தான் திடமாச் சொல்லுவான்.

அதே 2015இல யாழ்ப்பாணத்தில சர்வதேச சினிமா விழாவும் தொடங்கினது. அப்பிடி எங்கையாவது ஒரு மண்டபத்தில ஒருநாள் 'பொன்மணி' போட்டால் போய்ப் பார். படம் முடிய நரைச்ச தலையள் ஒவ்வொண்டா எழும்பும். "நான் அந்த நாளிலயே மூண்டு தரம் பாத்தனான், என்ன படம்!" எண்டு சொல்லுவினம். அப்பிடிச் சொல்லுற எல்லாரும் 1977இல ரிக்கெற் எடுத்திருந்தால் படம் நூறு நாள் ஓடியிருக்கும். எந்தத் தியேட்டரில பாத்தனியள் எண்டு மட்டும் அவையைக் கேட்டுப்போடாதை. என்னட்டையும் கேக்காதை. போ, கொம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிடுறா.