பூந்தொட்டிக் கம்பெனியின் பொருளாதாரம்

உலக வங்கியிடம் ஒரு பூந்தொட்டிக் கம்பெனி இருந்தது. பீங்கான் தொட்டி செய்து சில்லறையில் விற்கும் கம்பெனி. மேனேஜர் 4 பேர், உதவியாளர் 8 பேர், தொழிலாளி 48 பேர், ஆக மொத்தம் 60. அது ஒரு தொட்டிகூடச் சுட்டதில்லை, யாருக்கும் ஒரு நாள் சம்பளம் போட்டதில்லை. ஏனென்றால் அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஆனாலும் 190 நாடுகளில் வரி கட்டியது. எங்கே குறைவாகக் கட்டியதோ அந்த நாட்டுக்கு மதிப்பெண் ஏறியது.

‘டூயிங் பிசினஸ்’ தரவரிசை என்று உலகம் பல ஆண்டுகள் தலையில் வைத்துக் கூத்தாடியது இதைத்தான்.

கட்டட அனுமதிக்கு இன்னொரு கற்பனை. இரண்டு மாடிக் கிடங்கு, 1,300.6 சதுர மீட்டர், உள்ளே புத்தகமும் எழுதுபொருளும் அடுக்குவார்களாம். அந்தப் புள்ளி ஆறைக் கவனியுங்கள். இருக்கிற நிலத்தையே இவ்வளவு துல்லியமாக அளக்க நம் சர்வேயர்களுக்கு வராது. இவர்கள் இல்லாத கிடங்கை அளந்துவிட்டார்கள். அதற்கு எத்தனை கையெழுத்து, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கேள்வித்தாள் போனது. நிரப்பித் தந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், ஆடிட்டர்கள், ஆலோசகர்கள். இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும். சிவகாசியும் திருப்பூரும் எந்த நாட்டில் இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

இதில் என் ரத்தம் கொதிக்கும் இடம் ஒன்று உண்டு. செலவுக் கணக்கில் லஞ்சம் சேராது என்று விதிமுறையிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பிளான் அப்ரூவலுக்கு அலைந்த யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். கல்யாணச் செலவை எழுதி, சாப்பாட்டுச் செலவை மட்டும் விட்ட கணக்கு இது.

லஞ்சத்தை விட்டவர்கள் பி.எஃப்.பை விடவில்லை. தொழிலாளிக்காக முதலாளி கட்டும் பங்கு கம்பெனியின் வரிச்சுமையோடு சேர்ந்தது. அதாவது அந்த 48 பேரின் முதுமை ஒரு நாட்டின் குறைபாடு. ஆளை வேலைக்கு வைப்பதும் வெளியே தள்ளுவதும் எவ்வளவு சுலபம் என்றுகூட ஒரு அளவுகோல் வைத்து வரிசையில் சேர்த்திருந்தார்கள். தொழிற்சங்கங்களும் ஐ.எல்.ஓ.வும் சத்தம் போட்ட பிறகுதான் அதை வரிசையிலிருந்து உருவினார்கள். வரி வசூலானால் அதில் துறைமுகம் வரும், பள்ளிக்கூடம் வரும் என்பதற்கு வரிக்கான மதிப்பெண்ணில் இடமே இல்லை. கட்டுவது மட்டுமே கணக்கு, பெறுவது கணக்கில் இல்லை.

இதன் வேர் நேர்மையான ஒரு கேள்விதான். ஒரு தொழில் தொடங்க எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று 85 நாடுகளில் எண்ணிப் பார்த்து, 2002இல் நான்கு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கட்டுரையாக இருந்தவரை அது ஆய்வு. ஒன்று, இரண்டு என்று நாடுகளை வரிசையில் நிறுத்தியதும் அது அரசாங்கங்களின் கையில் சவுக்கு, தேர்தல் மேடையில் மாலை.

நமக்கு விழுந்த மாலையைப் பார்ப்போம். 2014இல் இந்தியா 142ஆவது இடம். 2017 அக்டோபரில் ஒரே தாவலில் 130இலிருந்து 100. கணக்கில் வந்த காலம் அந்த ஆண்டு ஜூன் 1 வரை; ஜி.எஸ்.டி. வந்தது ஜூலை 1, ஆகவே அது கணக்கில் இல்லை. அந்தக் காலத்துக்குள் நடந்த பெரிய சங்கதி, 2016 நவம்பர் 8 இரவில் புழக்கத்திலிருந்த பண மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. வாரக் கூலி கொடுக்க நோட்டு இல்லாமல் பட்டறைக்காரர்கள் தவித்த ஆண்டில்தான் தொழில் செய்வது 30 இடம் சுலபமானது. பூந்தொட்டிக் கம்பெனிக்கு ரொக்கம் தேவைப்படவில்லை போலும்.

மாநிலங்களுக்கும் மத்திய அரசு, உலக வங்கியோடு சேர்ந்து, தனி வரிசை போட்டது. தமிழ்நாடு 2015இல் 12ஆவது, 2016இல் 18ஆவது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலம் இது என்று மத்திய அரசின் தொழில் ஆய்வே வருடா வருடம் சொல்கிறது. பாவம், இவ்வளவு கஷ்டத்திலும் எப்படித்தான் இத்தனை ஆலைகளைத் திறந்தோமோ!

அளவுகோல்தான் கோணல், அளந்த கையாவது சுத்தமா? 2018 ஜனவரியில் வங்கியின் தலைமைப் பொருளாதார அறிஞர் பால் ரோமர், சிலி நாட்டின் சரிவுக்குக் கணக்கிடும் முறையை மாற்றியதே காரணம் என்று சொல்லி அந்த நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மாதமே பதவி போயிற்று. அந்த ஆண்டே நோபல் வந்தது. 2021 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை இன்னும் கேவலம். 2018ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் 85க்கு இறங்க வேண்டிய சீனாவை 78இலேயே நிறுத்தினார்கள். வங்கி தன் மூலதனத்தைப் பெருக்க உறுப்பு நாடுகளிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வேலை முடிந்ததும் சி.இ.ஓ. கிறிஸ்டலினா ஜார்ஜீவா ஒரு மேலாளரின் வீட்டுக்கே போய், அச்சிட்ட பிரதியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார் என்கிறது அந்த அறிக்கை. தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்தார். சவூதி அரேபியாவின் எண்ணை ஏற்றினார்கள், அசர்பைஜானை இறக்கினார்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க்கைத் திருத்தினால் போலீஸ் வரும். அங்கே அறிக்கையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த எண்களைக் காட்டிச் சட்டங்களைத் தளர்த்திய அரசு எதுவும் அவற்றைத் திரும்ப இறுக்கியதாகத் தெரியவில்லை. 48 தொழிலாளிகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கற்பனை ஆட்களிடம் எப்படிக் கேட்பது என்று விட்டிருப்பார்கள். 2024 அக்டோபரில் ‘பி-ரெடி’ என்று புதுப் பெயரில் 50 நாடுகளோடு கடையை மறுபடி திறந்தாயிற்று. ஜார்ஜீவா அதற்கு முன்பே, 2019இல், ஐ.எம்.எஃப். தலைவராகியிருந்தார், விசாரணை அறிக்கைக்குப் பின் அதன் நிர்வாகக் குழு அவர்மேல் முழு நம்பிக்கை தெரிவித்தது. 2024 அக்டோபர் 1 முதல் அவருக்கு இரண்டாவது ஐந்தாண்டுப் பதவிக்காலம் நடக்கிறது.