கீழ் வீட்டுக் கடல்

எங்கள் கீழ் வீட்டுக்காரர் பவளத்தொட்டி வளர்க்கிறார். வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தால் பத்தே நிமிடம். அவரோ ஆர்.ஓ. தண்ணீரில் வெளிநாட்டு உப்பைக் கரைத்துக் கடல்நீர் தயாரிக்கிறார். லிட்டருக்கு 35 கிராம். 200 லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோ.

“ஏங்க, ரெண்டு குடம் எடுத்துட்டுப் போனா அங்கே சும்மாவே கிடைக்குமே?” என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டுவிட்டார். ஊர்ச் சாக்கடை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று முக்கால் மணி நேரம் பாடம் நடந்தது. அன்றோடு அந்த அம்மாள் கடலில் கால் நனைப்பதை நிறுத்திவிட்டார்.

முதல் ஐந்து வாரம் தொட்டியில் மீனே கிடையாது. பாறை, தண்ணீர், மோட்டார் சத்தம், அவ்வளவுதான். “சைக்கிள் ஓடிட்டிருக்கு மாமா” என்றார். மாமனார் வாசலை எட்டிப் பார்த்தார். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக வேண்டுமாம். மாப்பிள்ளை கிருமி வளர்க்கிறார் என்று மாமனார் ஊருக்குப் போன் போட்டார்.

பிறகு கொளத்தூரிலிருந்து ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. இதில் அப்பா எது என்று பேத்தி கேட்டாள். எல்லாம் ஆணாகவே பிறக்கும், பெரியது பெண்ணாகிவிடும், அது செத்தால் புருஷனே பெண்டாட்டியாகிவிடும் என்று அவர் விளக்க, மாமனார் காபியைக் கீழே வைத்தார்.

கல் பவளத்தை மட்டும் தொடமாட்டார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையிலேயே அதுவும் இருக்கிறது. மஷ்ரூம், ஜோவா என்று மெத்தென்ற வகைகளோடு சரி. அதற்கே இந்தப் பாடு.

தன் சர்க்கரை அளவை டாக்டர் கேட்டால் மனைவி முகத்தைப் பார்ப்பார். தொட்டியின் கால்சியத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் “420” என்பார். கல்யாண வீடுகளில் தாலி கட்டி முடிந்ததும் ஆளைக் காணோம், பந்திக்கு நிற்பதில்லை. தண்ணீர்தான் ஆவியாகுமாம், உப்பு அப்படியே தங்கிவிடுமாம். நல்ல தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்காவிட்டால் உப்பு கூடிவிடும். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதோ என்று சம்பந்தி வீட்டார் விசாரித்தார்கள்.

மே மாதம் மீன்களுக்கு 26 டிகிரி, சில்லர் உபயம். மனிதர்களுக்கு மின்விசிறி. அதுவும் கரண்ட் இருக்கிற வரை. போனால் இன்வெர்ட்டர் தொட்டிக்குத்தான்.

சென்ற வாரம் நள்ளிரவில் கரண்ட் போய், இரண்டு மணிக்கு இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். தண்ணீரில் காற்று கலக்க வேண்டும் என்று, மனுஷன் பனியனோடு நின்று சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மனைவி டார்ச் பிடித்திருந்தார். விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது கரண்ட் வந்தது, மோட்டார் உறுமியது. அவர் சொம்பை வைத்தார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்க” என்றார் அந்த அம்மாள். “அலைச் சத்தம் மாதிரியே இருந்துச்சு.”