கெளுத்தி அண்ணன்

பெங்களூரு பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட் முடிந்தால் எல்லோரும் ரூமுக்குத் தூங்கப் போவார்கள். கெளுத்தி அண்ணன் மட்டும் கோழிக்கடைக்குப் போவார். கறிக்கல்ல, தூண்டிலில் மாட்டக் குடலுக்கு. அதை டப்பாவில் அடைத்து ஒருநாள் ஊறப் போட்டால்தான் அவருக்குத் திருப்தி. டப்பாவைத் திறக்கும்போது ஏரிக்கரையில் நிற்கும் நாய்கூட நாலடி தள்ளிப் போகும். "கெளுத்திக்குக் கண்ணு சும்மா பேருக்குத்தான் தம்பி, மீசையாலதான் ருசி பாக்கும்" என்பார். அது மட்டும் உண்மை.

போகிறவர்கள் வண்டியை நிறுத்தி "மீனு சிக்தா?" என்று கன்னடத்தில் கேட்பார்கள். உதட்டில் விரல் வைத்து "உஷ்!" என்பார். பிறகு அவரே அரைமணி நேரம் பேசுவார். "எங்க ஊர்த் தென்பெண்ணையில ஒண்ணு புடிச்சேன் பாருங்க..." கை விரியும், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடவே விரியும். பெங்களூருச் சாக்கடைதான் அந்தத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளுகிறது என்று யாராவது சொன்னால், தூண்டிலைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்.

அந்தத் தூண்டிலில் மாட்டுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2016-ல் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டமாய்ச் செத்து மிதந்தனவே, அப்படிப்பட்ட தண்ணீரிலும் இது தலையை நீட்டி நேராகக் காற்றை இழுத்துக்கொண்டு பிழைத்துக்கிடக்கும். நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 1997-லேயே மத்திய அரசு இதை அழிக்கச் சொல்லிவிட்டது. "அப்ப நான் செய்யறது அரசாங்க வேலை!" என்று அண்ணன் மார்தட்டுவார். செதிலில்லாத அந்த வழுக்கல் உடம்பைப் பழைய பனியனால் அமுக்கிப் பிடித்தும், செவுளோர முள் கட்டைவிரலைப் பதம் பார்க்காமல் விடாது. விரலைச் சப்பிக்கொண்டே எடை சொல்வார்: "ரெண்டு கிலோ இருக்கும்." பார்க்கிறவருக்கு ஒன்றே கால் தெரியும்.

2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. ஆனாலும் அண்ணனுக்குப் பஸ்தான். துள்ளும் பையை ஸ்கேனரில் வைக்க அவருக்குத் தைரியமில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை அவர் தின்பாரா? மூச்! "அந்தத் தண்ணி மீனை அடுப்பில ஏத்த மாட்டேன்" என்று அண்ணி முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக் குழம்புக்கு மார்க்கெட் மத்தி. கெளுத்தி எல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு அன்பளிப்பு.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டு ஈரப்பை நீட்டப்பட்டால், "அடேயப்பா, மூணு கிலோ இருக்குமே!" என்று வாங்கிக்கொள்ளுங்கள். தப்பித்தவறியும் சமைத்துவிடாதீர்கள்.